எழுந்து நின்றுவிட்டான், சரி. முட்டி?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கபடிப் போட்டியில் சுருண்டு விழுந்து எழுந்த ஒரு தம்பியின் வீடியோவைப் பற்றித்தான். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி: "தம்பியை உட்கார வைத்திருக்கலாம். முட்டியை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்." இதற்கு வந்த நாற்பத்து மூன்று பதில்களில் ஆகக் கண்ணியமானது 'பயந்தாங்கொள்ளி'.

நிதானமாகவே சொல்கிறேன். தம்பி பாடிப் போகிறான். திரும்பும்போது பாதம் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. எதிரணியில் ஒருவர் கையும் அவன் முட்டியில் படவில்லை. சுருண்டு விழுகிறான். ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஒருவர் காலை மடக்கி மடக்கி நீட்டுகிறார், இன்னொருவர் தொடையைப் பிசைகிறார், முட்டியில் ஒரு உறையை மாட்டி இரண்டு நிமிடத்தில் உள்ளே அனுப்பிவிட்டார்கள். மைக்கில் 'களம் விடாத சிங்கம்'. எழுந்து நின்றுவிட்டான் அல்லவா, நமக்கு அது போதும்.

எழுந்து நின்றுவிட்டான் என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய பதிவு. முட்டிக்குள் இருக்கும் முன் ஜவ்வு, டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள், பெரும்பாலும் இப்படித்தான் கிழியும்: யாரும் இடிக்காமல், கால் ஊன்றித் திரும்பும்போது. பலருக்கு உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கவும் செய்யும். நேராக நடக்கலாம், சிலரால் மெதுவாக ஓடக்கூட முடியும். சில மணி நேரத்தில் உள்ளே ரத்தம் சேர்ந்து முட்டி வீங்கும். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். அப்புறம் ஒருநாள் சட்டென்று திரும்புகையில் முட்டி நழுவும். அப்போது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் சவ்வும் சேர்ந்து கிழியலாம்.

நமக்கு எல்லாமே சுளுக்குதான். கணுக்கால் பிசகினாலும் சுளுக்கு, ஓடும்போது பின்தொடையில் சுரீர் என்று தசை கிழிந்தாலும் சுளுக்கு. கணுக்காலை ஒரேயடியாகக் கட்டிப்போட்டு வைப்பதைவிட, வலி குறையக் குறைய மெல்ல அசைக்கத் தொடங்குவதே நல்லது. பின்தொடை அப்படியில்லை, முழு வேகத்தில் ஓட அவசரப்பட்டால் அதே இடத்தில் திரும்பக் கிழியும். எதிராளியின் முட்டி இடித்துத் தொடையில் ரத்தம் கட்டினால் அங்கே அழுத்தித் தேய்க்கவே கூடாது, தசைக்குள் எலும்பு வளரக்கூட வாய்ப்புண்டு. நாமோ எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? 2009. கல்லூரி இரண்டாம் வருடம், அதே மாதிரி மண் ஆடுகளம், அதே மாதிரி திருப்பம். 'டப்' சத்தம் எனக்குக் கேட்டது. நானும் எழுந்து நின்றேன். எனக்கும் கைதட்டினார்கள். கடைசி பத்து நிமிடம் ஆடினேன், இரண்டு பாயிண்ட் எடுத்தேன், தலைகால் புரியவில்லை. விடிந்தபோது முட்டி இளநீர்க் காய் அளவுக்கு இருந்தது. ஒருவர் வந்து சூடான எண்ணெய் ஊற்றி நீவினார், நான் போட்ட கத்தலில் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பிறகு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டு. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்புக்கு ஒண்ணுமில்லை" என்றார்கள். உண்மைதான். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் மறுபடி இறங்கினேன். மூன்றாவது ரெய்டில் முட்டி நழுவியது. அதோடு சரி.

இப்போது நாற்பத்து மூன்று பேருக்கும் வருகிறேன்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் பார்த்தார்களா?" பார்க்கவில்லை ஐயா. அதனால்தான் ஊருக்கு நாலு பேர் நாற்பது வயதில் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 'நான் ஆடின ஆட்டம் இருக்கே' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாய்." இல்லை. என் பாட்டிக்கு விலகிய தோளை ஏற்றிவிட்டவர் ஒரு நாட்டு வைத்தியர்தான். ஆனால் அறுந்த ஜவ்வை எண்ணெய் ஒட்ட வைக்காது, அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"கூலிக்காரர் பையன், எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எங்கே போவான்?" இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கேட்டவர்கள் யார் என்று பார்த்தேன், போட்டியை நடத்தியவர்கள். பேனருக்குக் காசிருந்தது, வாணவேடிக்கைக்குக் காசிருந்தது, சிறப்பு விருந்தினர் சால்வைக்குக் காசிருந்தது. சரி, ஸ்கேன் கூட அப்புறம்தான். அனுபவமுள்ள எலும்பு டாக்டர் முட்டியை லேசாக மடக்கிக் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு இருக்கிறது. கூட்டிப் போக ஒரு ஆள்தான் வேண்டும்.

"ஆபரேஷன் பண்ணித்தானே அந்தப் பெண் செத்துப்போனாள்?" 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடிய பதினேழு வயதுப் பிள்ளை. ஜவ்வு அறுவைக்குப் பிறகு போட்ட கட்டு இறுகி, காலை எடுத்து, கடைசியில் உயிரும் போனது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட இவ்வளவு பயம் இருந்ததில்லை, அந்தச் செய்தியைப் படித்தபோது இருந்தது. ஆனால் நான் ஆபரேஷன் செய்யச் சொல்லவில்லையே. எல்லா ஜவ்வுக் கிழிசலுக்கும் ஆபரேஷன் தேவையும் இல்லை. உட்கார வையுங்கள், காட்டுங்கள் என்றேன். இரண்டே வரி.

"நிஜமான வீரர்கள் வலியைத் தாங்குவார்கள்" என்று மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் படத்தைப் போட்டிருக்கிறார் ஒருவர். நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி திரும்பியதும் அவரை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டு போனார்கள். சிகிச்சை, பயிற்சி எல்லாம் முடித்து 2018 ஆசியப் போட்டியில் தங்கம். 2023 ஆகஸ்டில் இன்னொரு முட்டியில் ஜவ்வு அறுவை, அடுத்த ஆகஸ்டில் பாரிஸில் இறுதிச் சுற்று வரை போனார். நடுவில் ஒரு வருடம். ஆபரேஷனில் வைக்கும் புது ஜவ்வு உள்ளே ஊறிப் பலப்பட மாதக்கணக்கில் ஆகும், ஒன்பது மாதத்துக்கு முன் களம் இறங்குபவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். அந்த மாதங்களில் தினமும் சுவரோரம் உட்கார்ந்து சூம்பிப்போன தொடையை இறுக்கி இறுக்கி விடுவதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அதற்குப் பறையும் கிடையாது.

நான் அதைச் செய்தது மூன்று வருடம் தாமதமாக, அப்பா நகையை அடகு வைத்த பிறகு. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் என்னை ஆடக் கூட்டிப் போனார்கள். என்னைத் திரும்ப உள்ளே அனுப்பியவர் ஒருநாள் கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். கடைத்தெருவில் பார்த்தால் இன்னும் "என்னடா, முட்டி எப்படி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே "நல்லா இருக்குண்ணே" என்பேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகன்.

நேற்று ராத்திரி தம்பியின் அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தார். எக்ஸ்ரே எடுத்துவிட்டார்களாம், எலும்புக்கு ஒன்றுமில்லையாம். வீக்கம் வடிந்ததும் அடுத்த போட்டிக்குப் போவானாம். விழுந்தபோது உள்ளே சத்தம் கேட்டதா என்று மட்டும் அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

"கேட்டுச்சாம் அண்ணா, ஏன்?" என்று காலையில் பதில் வந்திருக்கிறது.