டாரட் காட்ஸிடம் கேட்கக் கூடாத கேள்வி

கிளிநொச்சிப் பக்கம் சாத்திரம் கேட்கிறவர்கள் இப்போது குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியார் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. யூடியூப்பைத் தட்டினால் மூன்று கட்டு அட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு, "மனதில் ஒன்றை நினையுங்கள், ஒரு கட்டைத் தெரிவு செய்யுங்கள்" என்கிறார் ஒருவர். காசு போட்டால் வட்ஸ்அப்பில் தனியாகவும் பார்த்துச் சொல்கிறார்கள். இந்த டாரட் என்றால் என்ன, நம்பலாமா என்று சொந்தக்காரர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஆளுக்காள் விளக்கம் சொல்வதை விட இங்கே எழுதிவிடுகிறேன்.

நம்பலாமா என்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "அடுத்து நான் என்ன செய்யலாம்" என்று யோசிக்க அந்தப் படங்கள் உதவும். "காணாமல் போனவர் எங்கே இருக்கிறார்" என்பதற்கு அவற்றிடம் பதில் இல்லை. இருக்கிறது என்பவர் பொய் சொல்கிறார்.

ஒரு கட்டில் 78 அட்டைகள். 56 அட்டைகள் நாங்கள் விளையாடும் காட்ஸ் மாதிரியேதான்: கிண்ணம், வாள், தடி, காசு என்று நாலு இனம், ஒவ்வொன்றிலும் பதினாலு. மீதி 22இல் சூரியன், சந்திரன், மரணம், இடி விழுந்த கோபுரம், பித்தன் என்று பெரிய படங்கள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், பெராரா பக்கத்துப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்கு விளையாடிய கட்டு இது. அந்த 22 படங்களில் பித்தனைத் தவிர மற்ற 21உம் துரும்பு. காட்ஸில் 304 விளையாடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாங்கள் கேள்வி கேட்டுத் துரும்பு வைக்கிறோம், அவர்களுக்கு வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு இனம் இருந்தது, அவ்வளவுதான். பிரான்ஸில் இன்றைக்கும் இந்த 78 அட்டையை வைத்து விளையாடுகிறார்கள்.

குறி சொல்லும் கதை பெரிதாகக் கிளம்பியது 1781இல். கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இது பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். அந்த நேரம் எகிப்தியப் பட எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியன் அதை உடைத்தது 1822இல்தான். ஆனாலும் கதை ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் சில வீடியோக்களில் பிரமிட் படம் போட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

இப்போது எங்கும் காணும் படங்கள் 1909இல் லண்டனில் வந்தவை. வெயிட் என்பவர் திட்டம் போட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் 'ஆறு வாள்' என்றால் ஆறு வாளை வரிசையாக வரைந்திருப்பார்கள். இந்தப் பெண்தான் ஒவ்வொன்றுக்கும் ஆட்களை வைத்து ஒரு காட்சி போட்டார். வேலை பெரிது, காசு கொஞ்சம் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கட்டு உலகமெல்லாம் விற்றது, அவர் 1951இல் கையில் ஒன்றும் இல்லாமல் செத்துப்போனார்.

பார்க்கும் முறை லேசானது. கேள்வியை நினைத்துக்கொண்டு கட்டைக் கலைத்து, மூன்று அட்டை எடுப்பார்கள். முதலாவது நடந்தது, இரண்டாவது நடப்பது, மூன்றாவது வரப்போவது. பெரிதாகப் பார்ப்பவர்கள் பத்து அட்டை பரப்புவார்கள். தலைகீழாக விழுந்தால் அர்த்தம் மாறும் என்பார்கள், சிலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும் 13ஆம் அட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சாவு அல்ல, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது என்றுதான் வாசிக்கிறார்கள்.

என் மருமகள் ஒருத்தி கொழும்பில் வேலை. லீவில் விசுவமடுவுக்கு வந்தால் அவளுடைய கட்டும் கூட வரும். போனமுறை அயலில் இருக்கும் அக்கா ஒருவர், மகளை வேலைக்குத் தூர இடம் அனுப்புவதா விடுவதா என்று கேட்டார். அவர் எடுத்ததில் ஒன்று ஆறு வாள். வள்ளத்தில் ஒரு பெண் முக்காடு போட்டுக் குனிந்து இருக்கிறாள், பக்கத்தில் பிள்ளை, பின்னால் ஒருவன் தடி ஊன்றுகிறான், வாள்கள் வள்ளத்துக்குள்ளே குத்தி நிற்கின்றன. மருமகள் வாய் திறக்க முதலே அக்கா சொன்னார்: "இது நாங்கள் கிளாலியால வந்த மாதிரியெல்லோ கிடக்கு."

பிறகு அட்டை ஒரு பக்கம் கிடந்தது. சண்டை நேரம் இரவில் கிளாலிக் கடல்நீரேரி கடந்தது, வள்ளத்துக்குள் வந்த தண்ணீரைத் தாய் சட்டியால் அள்ளி ஊற்றியது, இந்தப் பக்கம் வந்து ஒரு சொந்தமும் இல்லாமல் வாழ்க்கை தொடங்கியது என்று கதை போனது. கடைசியில், "நான் அந்த வயசில அதைக் கடந்து வந்தனான், அவள் பஸ்ஸில போறதுக்கு ஏன் பயப்படுறன்?" என்று தானே கேட்டுத் தானே சிரித்தார். மருமகள் அன்றைக்குச் செய்தது வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். நல்ல வாசிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். அர்த்தம் அக்காவிடம் இருந்தது, லண்டனில் வரைந்த படத்தில் இல்லை.

78இல் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தால் 456,456 விதமாக வரலாம். எந்த விதம் வந்தாலும் எங்கள் கதை பொருந்தும். 1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ஆளுக்கொரு குணவிளக்கம் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். சோதிடப் புத்தகத்தில் பொறுக்கிய வரிகள். எவ்வளவு சரி என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னால், சராசரி 4.26 வந்தது. படித்த பிள்ளைகளே அப்படியென்றால், நொந்துபோய் இருக்கும் ஒருவருக்கு எதைச் சொன்னாலும் பொருந்தத்தானே செய்யும்?

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 2009இல் சண்டை முடிந்தபோது வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்த தாய் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். சாத்திரிமார், மை போட்டுப் பார்ப்பவர்கள், கலை வந்து வாக்குச் சொல்பவர்கள் எல்லோரிடமும் போய் ஓய்ந்தவர். அவருக்கு யாரோ வட்ஸ்அப் இலக்கம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ராணி அட்டை வந்திருக்கிறது, மகன் உயிரோடு இருக்கிறான், தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு இடம் என்று பதில் வந்தது. வன்னியில் குளமில்லாத ஊர் எது? இந்தத் தீவில் தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லாத இடம் எது? எந்தத் திசை என்று அறிய இன்னும் காசு கேட்டார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

"மனசுக்கு ஆறுதல்தானே, விடுங்கோ" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறுதல் அடுத்த காசு கேட்கும் வரைக்கும்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கிய தாய்மாருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வியைக் காட்ஸ் பரப்பிக் காசாக்க எவருக்கும் உரிமையில்லை. மருமகளிடமும் இதே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். "அம்மா, இதுக்கு இதில பதில் வராது" என்று கட்டை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

சரி, பார்க்கத்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒன்று. வருத்தத்துக்கு மருந்து நிறுத்தச் சொன்னால், காணி வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னால், காணாமல் போனவருக்கு இடம் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். செய்வினை இருக்கிறது, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று தொடங்கினால் இன்னும் வேகமாகத் துண்டியுங்கள். 78 அட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், கழிப்புக்கென்று ஒன்றும் அதில் இல்லை.