பூனைக்கு எண் உண்டு, மரத்துக்கு?

வீட்டுப் பூனையை மாநகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். சரி, செய்தோம். தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப், அதற்கு 15 இலக்க எண். படிவத்தில் ஓர் இலக்கம் மாறிவிட்டதாம், மூன்று முறை அலைந்தாயிற்று.

தெரு மரத்தையும் அதே அலுவலகம்தான் பார்க்கிறது. பார்க்கிற லட்சணம் இருக்கிறதே! அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசிவிட்டார்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் எப்படிப் போகும்? அப்புறம் கம்பியில் உரசுகிறது என்று உச்சியையே மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் இப்போது கொத்துக்கொத்தாய்த் துளிர். பிடிமானமே இல்லாத கிளைகள், பெருத்தால் காற்றுக்கு முறியும்.

கேட்டால் மரம் வேறு பிரிவாம், பூனை வேறு பிரிவாம். பூனைக்கு அது தெரியவில்லை. அந்த மொட்டை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது எந்தப் பிரிவைக் கூப்பிடுவது?