மேல் குழுவுக்கு எடுத்தார்கள், ஆட விட்டார்களா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத் திடலில் என்னிடம் காற்பந்து பழகிய ஒரு பையனின் சூப்பர் லீக் (மலேசியாவின் முதல்நிலைக் காற்பந்துத் தொடர்) ஆட்டத்தைப் பார்ப்பதற்காக, அவனுடைய அப்பாவையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் காரோட்டிப் போனேன். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கும் அவர், அன்றைக்கு மட்டும் இன்னொருவரிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பையனுக்கு அப்போது 20 வயது. இளையோர் குழுவில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு, அந்த ஆண்டுதான் மூத்த குழுவுக்கு உயர்த்தப்பட்டிருந்தான். அறிவிப்பு வந்த நாளில் குழுவின் முகநூல் பக்கத்தில் வெளியான அவனுடைய படத்தைப் பகிராதவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

65ஆவது நிமிடத்தில் அவனுடைய குழு 3-0 என முன்னணியில் இருந்தது. அதற்கு முன்பிருந்தே அவன் ஆரஞ்சு நிற மேற்சட்டையோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடி உடலைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தான். எண் பலகை உயரும்போதெல்லாம் அவனுடைய அப்பா இருக்கையிலிருந்து எழுந்தார். பலகையில் வேறோர் எண் எரிவதைக் கண்டதும் உட்கார்ந்தார். இப்படி மூன்று முறை. களமிறங்கிய மூவருமே முப்பதை நெருங்கியவர்கள். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்ற ஏற்பாடு 2020இல் கோவிட் காலத்தில் தற்காலிகமாக வந்து, 2022இல் நிரந்தர விதியாகிவிட்டது. ஆனாலும் எதிர்க்குழு எழ முடியாமல் கிடந்த அந்த இரவில், மீதமிருந்த இரண்டு மாற்றங்களைத் தொடாமலேயே ஆட்டத்தை முடித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுடைய அப்பா பேசியது ஒன்றே ஒன்றுதான்: "மேல எடுத்துட்டாங்கல்ல சார், அதுவே பெருசு."

அன்றிரவு நான் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஒரு பையனை மூத்த குழுவுக்கு உயர்த்தினோம் என்று சொல்லும் தகுதி, அவனுக்குக் களத்தில் நிமிடங்கள் கொடுத்த குழுவுக்கு மட்டுமே உண்டு. தோளால் இடித்துத் தள்ளும் தற்காப்பாளரிடமிருந்து பந்தை எப்படிக் காப்பது, நடுவர் பார்க்காத நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பவனை எப்படிச் சமாளிப்பது, 80ஆவது நிமிடத்தில் கால்கள் கனக்கும்போது எங்கே போய் நிற்பது என்பவற்றையெல்லாம் 19 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் பெரியவர்களோடு மோதித்தான் கற்றுக்கொள்ள முடியும். அந்த மூன்று ஆண்டுகளை மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் கழித்தவனுக்கு அவற்றை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இது நம் நாட்டுக்குத் தெரியாத பாடமில்லை. 2007இல் அமைக்கப்பட்ட ஹரிமாவ் மூடா என்னும் தேசிய இளையோர் அணியை நேரடியாக மலேசியப் பிரிமியர் லீக்கில் ஆட விட்டார்கள். வாராவாரம் வளர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதிய அந்தப் பையன்கள் 2009இல் அந்த லீக்கையே வென்றார்கள். அதே ஆண்டு கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து, லாவோஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, அந்த இளையவர்களில் பலரைத் தேசிய அணிக்கு உயர்த்திக் களமிறக்கி, இந்தோனேசியாவை வீழ்த்தித் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் வென்றார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை நான் சொல்லாத வருடமில்லை, ஏனென்றால் அந்த அணியில் எஸ். குணலன் போன்ற நம் பிள்ளைகளும் இருந்தார்கள், அதை நடத்தியவரும் நம்மவர்.

அதற்குப் பிறகு படிக்கட்டில் ஒரு படியையே எடுத்துவிட்டோம் என்பது என் கருத்து. 2022 வரை இரண்டாம் நிலையாகப் பிரிமியர் லீக் இருந்தது. ஜோகூர் டாருல் தாக்ஸிம், சிலாங்கூர் ஆகியவற்றின் இரண்டாம் குழுக்கள் அதில் மற்ற மாநிலங்களின் மூத்த குழுக்களோடு ஆடின. அந்த லீக் நிறுத்தப்பட்டதும், 2023 முதல் அந்த இளைஞர்களுக்கு எம்எஃப்எல் (மலேசியக் காற்பந்து லீக்) கிண்ணம் கிடைத்தது. அதில் 23 வயதுக்குட்பட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் வயதினரோடுதான் மோதுகிறார்கள். ஆட்டங்கள் நடக்கின்றன, புள்ளிகள் எழுதப்படுகின்றன, ஆனால் பிழைப்புக்காக ஆடும் 30 வயதுக்காரரின் பசி அங்கே இல்லை.

பயிற்றுநர்களின் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. நான்கு ஆட்டங்களில் தோற்றால் வேலை போகும் என்ற அச்சத்தில் இருப்பவர், அனுபவமுள்ள வெளிநாட்டு ஆட்டக்காரரை விட்டுவிட்டு ஒரு 19 வயதுப் பையனை நம்புவது எளிதான காரியமில்லை. எனவே இதைப் பயிற்றுநரின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது. குழுவின் வழக்கமாகவே ஆக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கடைகளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்துக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 பிப்ரவரி 25 அன்று, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அந்தக் குழுவின் முன்கள ஆட்டக்காரர் மார்சியாலுக்குக் காயம் பட்டதால், அதன் இளையோர் பிரிவிலிருந்து வந்த 18 வயது ராஷ்ஃபர்ட் களமிறங்கி இரண்டு கோல்கள் அடித்தார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மேலும் இரண்டு. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால், தங்கள் இளையோர் பிரிவில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் அந்தக் குழு 1937 அக்டோபர் முதல் எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. அப்படிப்பட்ட வழக்கம் இருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டத்துக்கு ஒரு பையன் தயாராக இருந்தான்.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வேண்டுமானாலும் வாங்கக்கூடிய வசதி படைத்த ஜோகூர் குழுதான், தன் இளையோர் பிரிவிலிருந்து வந்த அரிஃப் அய்மானைத் தொடர்ந்து ஆட வைத்தது. 2021இல், 19 வயதிலேயே, அவர் நாட்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அவரைப் போலவே 2002இல் பிறந்தவர் லுக்மான் ஹக்கீம். 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஐந்து கோல்கள் அடித்த அவருக்குப் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் குழுவில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது, ஆனால் களத்தில் நிற்கும் வாய்ப்பு அங்கே மிகச் சொற்பமாகவே கிடைத்தது. இருவரில் யாருக்குத் திறமை அதிகம் என்று அந்த வயதில் கேட்டிருந்தால் பலர் லுக்மான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் பையனின் கதைக்கு வருகிறேன். அந்தப் பருவம் முழுவதும் அவன் களத்தில் இருந்தது 11 நிமிடங்கள், அதுவும் ஒரே ஆட்டத்தில். பருவ முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததற்கு அந்தக் குழு சொன்ன காரணம், அனுபவம் போதவில்லை என்பது. அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் தணியவில்லை. அனுபவத்தை அவன் எங்கே போய்ச் சம்பாதித்திருக்க வேண்டும்? இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டார லீக்கில் ஆடுகிறான். 2025இல் எங்கள் பேராக் குழுவே சூப்பர் லீக்கிலிருந்து விலகிவிட்டதால், ஈப்போவுக்குப் பேருந்து ஏறிப் போய் முயன்று பார்க்கும் வழிகூட அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் குறுகிவிட்டது.

போன வாரம் இன்னொரு தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனுக்கு 16 வயது. இடது காலால் ஆடுகிறவன், திடலில் விளக்கு அணைந்த பிறகும் வீட்டுக்குப் போகாதவன். வெளிமாநிலக் குழு ஒன்றின் இளையோர் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதுவதற்கு முன்பே அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் இளையோர் குழுவில் ஆடிய பையன்களில், மூத்த குழுவுக்காக முழு 90 நிமிடங்கள் ஆடியவர்கள் எத்தனை பேர்? வரும் சனிக்கிழமை அவர்களைப் பார்க்கப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.