கிட்ஸ்பூஹெல் போவதற்கு முன் தேதியைப் பாருங்கள்

ஆஸ்திரியாவின் பனிச்சறுக்கு ஊரான கிட்ஸ்பூஹெலுக்கு ஜனவரிக் கடைசியில் போவதுதான் சிறப்பு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பந்தயம் பார்க்க என்றால் சரி. 1931இல் தொடங்கிய ஹானென்காம் பனிச்சறுக்குப் பந்தயம் அப்போதுதான் நடக்கும். பந்தயப் பாதையான ஸ்ட்ரைஃப் என்ற செங்குத்தான சரிவில் வீரர்கள் பாய்ந்து இறங்குவதை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. ஆனால் குழந்தைகளோடு நிம்மதியாகச் சறுக்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை எகிறிவிடும், தெருவில் நடக்கக்கூட இடம் இருக்காது.

அதற்காக மார்ச் கடைசிக்கும் தள்ளிப்போட வேண்டாம். ஊர் இருப்பது சுமார் 760 மீட்டர் உயரத்தில்தான். சறுக்கும் மலைகளும் 2,000 மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஆல்ப்ஸில் இது தாழ்வான இடம். நாங்கள் ஒருமுறை அப்படிப் போய், காலையில் இறுகிக் கிடந்த பனி மதியத்துக்குள் கூழாகிவிட்டது. மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அடுத்த முறை ஜனவரி இரண்டாம் வாரம் போனோம், அருமையாக இருந்தது.

கார் தேவையில்லை. ஹானென்காம் என்ற பெயரிலேயே ஒரு சிறிய ரயில் நிறுத்தம் இருக்கிறது, கேபிள் கார் நிலையம் அதன் பக்கத்திலேயே. மாலையில் பழைய ஊரின் வண்ண வீடுகளுக்கிடையே நடந்துவிட்டு வாருங்கள். 1893இலேயே ஃப்ரான்ஸ் ரைஷ் என்பவர் கிட்ஸ்பூஹெலர் ஹார்ன் மலையிலிருந்து சறுக்கி இறங்கிய ஊர் இது!

அப்புறம், ஸ்ட்ரைஃப் என்றதும் பயப்படாதீர்கள். செங்குத்தான இடங்களைச் சுற்றிப் போகும் குடும்பப் பாதை ஒன்று அங்கே உண்டு. என் மகள் முதன்முதலாக ஒருமுறைகூட விழாமல் இறங்கியது அதில்தான்.