குறை செயல்படுத்தியவர்களிடம் மட்டுமா?

நல்ல திட்டங்கள் தோற்பதற்குச் செயல்படுத்துபவர்களின் அலட்சியமே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'பிளேபம்ப்' திட்டத்தைப் பாருங்கள். பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏறிவிடும். கேட்கவே எவ்வளவு அழகு! 2006-இல் அமெரிக்க அரசும் நிதி அறிவித்தது. ஆனால் சாதாரண ராட்டினம் ஒரு தள்ளு தள்ளினால் தானாகச் சுற்றும். தண்ணீர் இறைக்கும் ராட்டினத்தை விடாமல் தள்ள வேண்டும். பிள்ளைகள் சலித்து விலக, பல ஊர்களில் பெண்கள்தான் அதைச் சுற்றினார்கள், வயதானவர்கள் உட்பட. பழுதானால் ஊரிலேயே சரிசெய்யவும் வழியில்லை. தினமும் தண்ணீர் எடுக்கும் அந்தப் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே? சில இடங்களில் இருந்த கைப்பம்பையும் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.