அடிக்கணக்கு பிறகு வந்தது
கட்டுரை என்றால் ஆயிரம் சொல்லாவது வேண்டும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்களும் அளவு பார்த்தவர்கள்தாம்: பொதுவாகக் குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. ஆனால் பாட்டு பிறந்த பிறகு வந்த கணக்கு அது. அகநானூற்றில் இடம்பிடிக்க வேண்டுமென்று தலைவியின் பிரிவை எவரும் இழுத்து நீட்டவில்லை. சுருக்கமே உயர்வு என்றும் சொல்லவரவில்லை. இலக்கண நூலான நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாதவையென்று அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அதாவது தேவைக்குக் குறைத்துச் சொல்வது; அடுத்ததே மிகைபடக் கூறல், தேவைக்கு மேல் சொல்வது. போன வாரம் ரசத்துக்குச் செய்முறை தேடினேன். எழுதியவரின் பாட்டி ஊர்க்கதை ஐந்து பத்தி ஓடியது. மிளகு எத்தனை என்று வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டேன்.