செட்டிங்ஸைத் திறக்காதவர்களுக்கான டெஸ்க்டாப்

விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸில் புது டெஸ்க்டாப் (திரை, மெனு, சாளரங்கள்) பதிப்பு வந்தால் இணையத்தில் எல்லாரும் அதன் அழகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைப் பக்கம் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் கணினி வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் செட்டிங்ஸ் பக்கமே போகமாட்டார்கள். நான் எப்படிக் கொடுத்தேனோ அப்படியே ஓட்டுவார்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் மாற்றிப் பார்க்க மாட்டார்கள், எனக்குப் போன் போடுவார்கள். அதனால் கேடிஇ குழு தரும் பிளாஸ்மா 6 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பை நான் ஒரே ஒரு கேள்வியோடுதான் சோதித்தேன். நிறுவியபடியே, எதையும் தொடாமல் கொடுத்தால் ஆள் வேலை பார்ப்பாரா?

பார்ப்பார். தமிழில் தட்டச்சு செய்ய உட்காரும் வரை.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியமென்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆகாது என்கிறது. நம் ஊரில் ஓடுவது எல்லாம் என்ன? பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வரும் பழைய அலுவலகக் கணினிகள். ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு எஸ்எஸ்டி போட்டு ராமை 8 ஜிபி ஆக்கினால் இன்னும் பல வருடம் உழைக்கும். அதைக் குப்பைக்கு அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

நான் போட்டுத் தருவது டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. 12-ஆம் பதிப்பில் பிளாஸ்மா 5.27 இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் நேராக பிளாஸ்மா 6.3. அதற்குப் பிறகு 6.4, 6.5 எல்லாம் வந்துவிட்டதே, ஏன் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். கடைக்காரனுக்கு வேண்டியது மாதாமாதம் முகம் மாறாத கணினி. அவ்வளவுதான்.

பெரிய எண் மாறும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. 2008 ஜனவரியில் கேடிஇ 4.0 வந்தபோது என்ன நடந்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 3.5-ல் ஒழுங்காக ஓடியதை எல்லாம் கலைத்துப் போட்டு, பாதி வெந்த நிலையில் கையில் கொடுத்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கு மாறினார். 2011-ல் க்னோம் 3 வந்ததும் அதையும் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்குப் போனார். லினக்ஸை உருவாக்கியவருக்கே இந்தக் கதி என்றால் பர்கூர் வாத்தியார் என்ன செய்வார்? 2024 பிப்ரவரி 28-ல் வந்த 6.0-ல் அந்தத் தப்பைத் திரும்பச் செய்யவில்லை. அடியில் இருக்கும் க்யூட்டி என்ற நிரல் நூலகத்தை 5-லிருந்து 6-க்கு மாற்றினார்கள், சாளரங்களைத் திரையில் காட்டும் புது முறையான வேலாண்டை இயல்பாக்கினார்கள், திரையின் முகத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். 5.27 பழகிய ஒருவரை 6.3 முன்னால் உட்கார வைத்தால் என்ன மாறியிருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

மாறியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரொம்பச் சின்ன விஷயம். கேடிஇ-யில் காலங்காலமாகக் கோப்பை ஒருமுறை சொடுக்கினாலே திறந்துவிடும். விண்டோஸில் வளர்ந்த கை இரண்டு முறை சொடுக்கும். விளைவு, ஒரே கோப்பு இரண்டு முறை திறக்கும். "சார், எதைத் தொட்டாலும் ரெண்டு ரெண்டா வருது" என்ற போன் எனக்கு எத்தனை முறை வந்திருக்கும்! 6-லிருந்து ஒரு சொடுக்கில் தேர்வு, இரண்டு சொடுக்கில் திறப்பு என்று இயல்பையே மாற்றிவிட்டார்கள். பழைய கேடிஇ ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், அவர்களுக்கு செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும். சுருள்பட்டையில் எங்கே சொடுக்கினாலும் அந்த இடத்துக்கே போவதும், டெஸ்க்டாப் மேல் சக்கரத்தை உருட்டினால் வேறு டெஸ்க்டாப்புக்குத் தாவாமல் இருப்பதும் இதே வகை. பின்னதற்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "எல்லாம் மறைஞ்சுபோச்சு சார்" என்ற போன் இப்போது வருவதில்லை.

திரையின் அடியில் உள்ள மிதக்கும் பட்டை பற்றி முதலில் முகம் சுளித்தேன். 1366×768 திரையில் சுற்றிலும் இடைவெளி விட்டு ஒரு பட்டை எதற்கு? ஆனால் சாளரத்தைப் பெரிதாக்கினால் அது தானாகவே விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. சரி, போகட்டும். நிறமும் ஒளியும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் வந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்களே, அதைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் கிருஷ்ணகிரியில் எச்டிஆர் திரை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரை நான் பிடிக்க வேண்டும்.

எஸ்எஸ்டி இல்லாத கணினியில் மட்டும் நான் ஒன்றைத் தொடுகிறேன். கோப்புகளைத் தேடி அட்டவணை போடும் பலூ என்ற சேவையை நிறுத்திவிடுவேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அது போட்டு அரைக்கும். அப்புறம், சாளரங்களை நிர்வகிக்கும் க்வின் நடுவில் விழுந்தாலும் க்யூட்டி 6-ல் எழுதிய செயலிகள் இப்போது கூடவே சாவதில்லை. இது நல்ல முன்னேற்றம். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் சாளரங்கள் பழைய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும் என்பது வேலாண்டில் இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. மின்வெட்டு உள்ள ஊர்க்காரனுக்கு இது உறுத்தும்.

டிசம்பரில் ஒரு வேடிக்கை நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை கேடிஇ நன்கொடை கேட்டு ஒரு சின்ன அறிவிப்பு காட்டும். 6.2-லிருந்து இருக்கிறது. "சார், கம்ப்யூட்டர் காசு கேக்குது, வைரஸா?" என்று கேட்டார்கள். இல்லைங்க, இத்தனை நாள் இலவசமாகக் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவில் வரும் விளம்பரங்களைச் சகித்துக்கொண்டவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

இப்போது தமிழுக்கு வருகிறேன்.

என் வாடிக்கையாளர் ஒருவர் பத்திர எழுத்தர். தட்டச்சுப் பயிலகத்தில் முறையாகப் படித்து ஹையர் முடித்தவர். அவர் விரல் பழகியது பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி அமைப்பு. இன்னும் சிலர் அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 பழகியவர்கள். இரண்டுமே லினக்ஸில் எம்17என் என்ற தொகுப்பில் கச்சிதமாக இருக்கின்றன. பிரச்சினை அதை இயக்குவதில்தான்.

விவரம் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? விசைப்பலகை அமைப்புக்குப் போய் தமிழைச் சேர்ப்பார். அங்கே கிடைப்பது எக்ஸ்கேபி என்ற பழைய முறை. அதில் ஒரு விசைக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான். தமிழ்99-ல் அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' வர வேண்டும். இரண்டாவது 'ம' வந்ததும் முதல் 'ம' தானே புள்ளி வாங்கிக்கொள்ள வேண்டும். அதே 'ஆ' விசை சொல்லின் தொடக்கத்தில் உயிராகவும் மெய்க்குப் பின்னால் துணைக்காலாகவும் மாற வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் என்ன தட்டினோம் என்ற ஞாபகம் தேவை. எக்ஸ்கேபிக்கு அந்த ஞாபகம் கிடையாது. அதனால்தான் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது.

வேலாண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்11 காலத்தில் இப்படி நடுவில் உட்காருவது எளிது. அங்கே எந்தச் செயலியும் எந்த விசையையும் ஒட்டுக்கேட்கலாம். அது பாதுகாப்பில் பெரிய ஓட்டை என்பதும் உண்மை. வேலாண்டில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உள்ளீட்டு நிரலை க்வின் அழைத்து உட்கார வைத்தால்தான் உண்டு. சரிதான், வடிவமைப்பாக யோசித்தால் இதுதான் ஒழுங்கு. ஆனால் க்வினுக்கு அதைச் சொல்லும் இடம் எங்கே தெரியுமா? மெய்நிகர் விசைப்பலகை பக்கத்தில். தொடுதிரையில் கைவிரலால் தட்டும் விசைப்பலகைக்கான அந்தப் பக்கத்தில், 'எதுவுமில்லை' என்று இருப்பதை மாற்றி எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேஷன் கார்டு மனுவைக் கால்நடை மருத்துவமனையில் கொடுக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. மேசையில் நிஜமான விசைப்பலகையை வைத்துக்கொண்டு இருப்பவர் எதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போகிறார்?

இதோடு முடியவில்லை. பழைய முறைப்படி சுற்றுச்சூழல் மாறிகள் (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள்) சில அமைந்திருந்தால், அவற்றை எடுத்துவிடு என்று எஃப்சிஐடிஎக்ஸ் ஓர் ஆங்கில அறிவிப்பு காட்டும். எடுத்துவிட்டால், எக்ஸ்11-க்கு எழுதியவற்றை வேலாண்டில் ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடும் பழைய செயலிகளுக்கு அவற்றில் ஒன்று மட்டும் தேவைப்படும். இதை நான் செய்து கொடுத்துவிடுவேன், எனக்கு அது ஐந்து நிமிட வேலை. கடைக்கு வராமல் வீட்டில் தானே நிறுவிப் பார்க்கும் ஒரு போச்சம்பள்ளி மாணவிக்கு? அவள் அரை மணி நேரம் தேடிவிட்டு லினக்ஸில் தமிழ் வராது என்று முடிவு கட்டிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

க்னோமில் இதை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். ஐபஸுக்கான எம்17என் தொகுப்பு இருந்தால் போதும், மற்ற விசைப்பலகைகளோடு ஒரே பட்டியலில் தமிழ்99-உம் நிற்கும். சேர்த்தால் வேலை செய்யும். க்னோமின் மற்ற பிடிவாதங்கள் எனக்கு ஒத்துவராது என்றாலும் இந்த இடத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். எனவே இது நம் ஒருவர் குறை என்று தள்ளிவிடவும் முடியாது.

நம் ஊரில் ஏற்கெனவே ஒருமுறை இந்தப் படம் ஓடியிருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை வைத்து அதை உருவாக்கியது. எத்தனை பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் ஒரு லினக்ஸ் கணினி! வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு. என்ன ஆயிற்று? பையன்கள் கடைக்கு வந்து, "அண்ணா, அந்தப் பார்ட்டிஷனை அழிச்சுட்டு இடத்தை டி டிரைவோட சேர்த்துக் குடுங்க" என்றார்கள். திரை அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவனும் சொன்னதில்லை. பாட்டு ஓடவில்லை, நெட் டாங்கிள் எடுக்கவில்லை, வாத்தியாருக்கும் தெரியவில்லை. திறந்தவுடன் வேலை நடக்காத ஒன்றுக்கு இடம் எதற்கு என்பதுதான் அவர்கள் கணக்கு.

அதனால்தான் இந்தத் தட்டச்சு விஷயத்தை நான் இவ்வளவு இழுக்கிறேன். எக்ஸ்11 என்பது 1987-லிருந்து இருப்பது. வேலாண்ட் 2008-ல் தொடங்கியது. இத்தனை வருடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தமிழ் சரியாக வரவில்லை என்றால் வெளியேறி எக்ஸ்11 அமர்வில் நுழைந்துகொள் என்று நானே சொல்லிவந்தேன். இனி அந்தச் சாக்கு செல்லாது. க்னோம் 49-ல் எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். பிளாஸ்மா 6.8-லிருந்து எக்ஸ்11 அமர்வே இருக்காது என்று கேடிஇ 2025 நவம்பரில் அறிவித்துவிட்டது. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. இரண்டையும் தூக்கிச் சுமக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஆனால் மூடுவதற்கு முன்னால் விசைப்பலகைப் பக்கத்திலேயே தமிழ்99-ஐக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேடிஇ-யின் வழுப் பதிவுத் தளத்தில் இதைக் கேட்டு எழுதுவதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. நான்கு வரி போதும். முகநூலில் தமிழ் வாழ்க என்று போடும் நேரத்தில் நம்மில் பத்துப் பேர் அங்கே போய் எழுதலாம்.

மற்றபடி பிளாஸ்மா 6.3-ஐ நான் தயங்காமல் கொடுக்கிறேன். ஆசிரியர்கள், மாணவர்கள், வீட்டில் படம் பார்ப்பவர்கள், மனு தட்டுபவர்கள் எல்லாருக்கும் சரி. மாங்கூழ் ஆலைக் கணக்கர்களிடம் மட்டும் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, சீசன் நேரத்தில் அவர்களோடு விளையாடவும் முடியாது. பாதி ஜெராக்ஸ் கடைகளில் நிற்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பிரிண்டரையும் கையோடு கொண்டு வாருங்கள், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசலாம். எல்லாரும் வரும்போது நீங்கள் பழகியது தட்டச்சுப் பொறி முறையா, தமிழ்99-ஆ, ஆங்கில எழுத்தில் அடிப்பதா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.